பில்லி ஹாலிடேயின் பிற்காலக் குரல்

(சொற்பொழிவு)



ஜாஸ் என்று வழங்கும் அமெரிக்கச் சங்கீதத்தில் மனத்தைப் பறிகொடுத்தவர்கள் நாலு பேர் ஓரிடத்தில் கூடி, பேச்சு எங்கெங்கோ சுற்றிக் கடைசியில் பில்லி ஹாலிடே என்ற மாதரசியின் பெயரில் வந்து நின்றுவிட்டால், அதுவரையில் ஒருமித்த ரசனை உடையவர்களாகத் தோன்றிய அந்த நால்வரும் சற்று நேரத்திற்கெல்லாம் இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதாடத் தொடங்கிவிடுவார்கள். பிரிவினைக்குக் காரணம் 1958-ஆம் ஆண்டில் கொலம்பியா கம்பெனியார் வெளியிட்ட 'லேடி இன் சாட்டின்' என்னும் நீண்டநேர இசைத்தட்டு. அது பதிவானபோது பில்லிக்கு வயது நாற்பத்திரண்டு. கேட்பவருக்கோ எழுபது வயதுக் கிழவி ஒருத்தி பாடுவதாகத் தோன்றும். அந்தத் தட்டு வெளிவராமலே இருந்திருக்கலாம், இருபது ஆண்டுகளுக்கு முன்பு நம் நெஞ்சை அள்ளிய குரலின் சிதைவை விலை கொடுத்து வாங்கி வீட்டில் வைத்துக்கொள்வானேன் என்பது ஒரு கட்சி. அவள் பாடிய எல்லாவற்றிலும் அதுவே சிகரம், அதைக் கேட்டுக் கண் கலங்காதவன் சங்கீத ரசிகனே அல்லன் என்பது மற்றொரு கட்சி.

இவ்விரு கட்சிக்கும் நடுவே நின்று சமாதானம் செய்துவைக்க நான் இங்கே வரவில்லை. அந்த இசைத்தட்டு ஒரு பெரிய கலைஞரின் பெரிய சிருஷ்டி என்பது என் உறுதியான அபிப்பிராயம். ஆயினும் அதைப் புகழ்கிறவர்களில் பெரும்பாலோர் எந்தக் காரணத்திற்காக அதைப் புகழ்கிறார்களோ, அந்தக் காரணம் அதை இகழ்கிறவர்களின் காரணத்தைக் காட்டிலும் அவருக்கு அதிக அநீதி செய்வது என்றும் கருதுகிறேன்.

தேய்ந்துபோயிற்று என்று ஒன்றைச் சொல்லுமுன், தேய்வதற்கு முன்பு அது என்னவாக இருந்தது என்று அறிய வேண்டும் அல்லவா? பில்லி 1915-ஆம் ஆண்டு பிலடெல்பியாவில் பிறந்து, பால்டிமோர் நகரத்தின் வறுமையில் வளர்ந்து, இளம்பருவத்திலேயே நியூயார்க்கின் ஹார்லெம் பகுதிக்கு வந்து, அங்கிருந்த சிறு விடுதிகளில் பாடிப் பிழைத்தவர். 1933-இல் ஜான் ஹாம்மண்ட் என்ற இசை ரசிகர், செல்வக் குடும்பத்து இளைஞர், அவர் பாடுவதைத் தற்செயலாகக் கேட்டு, அதே ஆண்டில் பென்னி குட்மனின் குழுவோடு அவருடைய முதல் ஒலிப்பதிவுக்கு ஏற்பாடு செய்தார். 1935 ஜூலையிலிருந்து டெடி வில்சன் என்ற பியானோ வித்வானின் தலைமையில் தொடர்ந்து பல ஆண்டுகள் நடந்த ஒலிப்பதிவுகளே, பழைய பில்லி என்று ரசிகர்கள் ஏக்கத்தோடு சொல்கிறார்களே, அந்தப் பில்லி.

அந்தப் பதிவுகள் எந்த நோக்கத்தோடு செய்யப்பட்டவை என்பதை எண்ணிப் பார்த்தால் வியப்பு மேலிடுகிறது. காசு போட்டால் பாட்டுப் பாடும் யந்திரங்கள் அப்போது மதுக்கடைகளிலும் சிற்றுண்டிச்சாலைகளிலும் பெருகிவந்தன. அந்த யந்திரங்களுக்குத் தீனி போடுவதற்காக, அந்த வாரத்தில் வெளிவந்த புதுப் பாட்டுகளைக் வித்வான்கள் சிலரைக் கூட்டிவைத்து மூன்று நிமிஷத்திற்குள் வாசித்து முடிக்கச் செய்வார்கள். பாடகிக்குச் சொற்பமான ஒரு தொகை கையில் கிடைக்கும். விற்பனையில் பங்கு கிடையாது. பாட்டுகளில் பல, சொல்லிலும் மெட்டிலும் சாரமற்றவை. நடுவிலே ஒரு முறை பாடிவிட்டு, முன்னும் பின்னும் வாத்தியக்காரர்களுக்கு இடம் விட்டு ஒதுங்கி நிற்பதுதான் பாடகியின் வேலை. இத்தனை குறுகிய சந்தில்தான் அந்தப் பெண் தன் கலையை முழு வளர்ச்சி பெறச் செய்தாள்.

அவருடைய சாரீரம் அக்காலத்திலும் பெரிய சாரீரம் அன்று. இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் நமது விவகாரத்தின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. ஒரு ஸ்தாயியும் அதற்குச் சற்று மேலும் என்ற அளவில்தான் அவருடைய குரல் தாராளமாகச் சஞ்சரிக்கும். மண்டபத்தை நிரப்பும் கனம் அதற்குக் கிடையாது. பெஸ்ஸி ஸ்மித் என்ற பாடகியின் பருத்த நாதத்தையும் லூயி ஆம்ஸ்ட்ராங்கின் பாவத்தையும் சேர்த்து அடைய ஆசைப்பட்டதாக அவர் தம் சுயசரிதையில் சொல்லியிருக்கிறார். முதலாவதை இயற்கை அவருக்கு அளிக்கவில்லை. இரண்டாவதை ஆம்ஸ்ட்ராங்கின் டிரம்பெட்டிலிருந்து அவரே உழைத்து எடுத்துக்கொண்டார். மெட்டு எங்கே மேலேறி இறங்குகிறதோ அங்கே ஏறாமல், இரண்டு மூன்று ஸ்வரங்களுக்குள்ளேயே அதை வளைத்துச் சுருக்கி, ஒரு வாத்தியக்காரன் புதிதாகக் கற்பனை செய்வது போல அவர் பாடுவார். ஸ்வரத்தை முதலில் அசைவின்றி நேராகப் பிடித்து, விடும் தறுவாயில் மட்டும் மெல்ல அசைப்பார். எல்லாவற்றிற்கும் மேலாக, தாளத்தின் அடி விழும் இடத்தில் சொல்லை வைக்காமல், அடி விழுந்து போன பிறகு, எவ்வளவு தாமதித்தால் மனம் தவிக்குமோ அவ்வளவு தாமதித்துச் சொல்லை இறக்குவார். நமது சங்கீதத்தில், தாளம் தொடங்கிய பின் பாட்டைத் தொடங்கும் அனாகத எடுப்பு என்று ஒன்று உண்டு. அது கீர்த்தனத்திற்கு வரையறுத்து வைத்த இடம். பில்லியின் தாமதமோ, ஒவ்வொரு சொல்லுக்கும் அதன் பொருளைப் பார்த்து அந்த நொடியில் அவர் தீர்மானித்த இடம்.

1937 ஜனவரியில் லெஸ்டர் யங் என்னும் சாக்சபோன் வித்வான் இந்தப் பதிவுகளில் வந்து சேர்ந்ததிலிருந்து, இந்தக் கலைக்கு ஈடான துணை ஒன்று கிடைத்தது. கவுண்ட் பேசியின் குழுவைச் சேர்ந்த அவர், பில்லியின் குரலுக்குப் பின்னாலும் இடையிலும் தம் வாத்தியத்தை நுழைத்து வாசிப்பதைக் கேட்டால், ஒரே மனசு இரண்டு வாயால் பேசுவதாகத்தான் தோன்றும். 'லேடி டே' என்ற பட்டத்தை அவருக்குச் சூட்டியவர் யங். 'பிரெஸ்' என்று அவரைத் தலைவராக்கி அழைத்தவர் பில்லி. அந்த ஆண்டின் பதிவுகளைக் கேட்டு மயங்கியவர்கள், வேறெதையும் கேட்க மனம் ஒப்பாதவர்களாய் அங்கேயே தங்கிவிட்டதில் ஆச்சரியம் இல்லை.

இனி, சரித்திரத்தில் பலர் கவனியாது விடும் ஒரு செய்தி. பில்லி ஹாலிடே தேய்ந்துவிட்டார் என்ற குறை 1958-இல் புதிதாகப் பிறந்தது அன்று. அவருக்கு இருபத்துநாலு வயதிருக்கும்போதே அது எழுந்துவிட்டது. 1939-இல் நியூயார்க்கில் 'கஃபே சொசைட்டி' என்ற விடுதியில், வெள்ளையரும் கறுப்பரும் பேதமின்றி அமர்ந்து கேட்ட அந்த இடத்தில், அமெரிக்கத் தென்னாட்டு மரங்களில் கறுப்பின மக்களைத் தூக்கிலிட்டுக் கொல்லும் கொடுமையைப் பற்றி ஏபல் மீரோபோல் என்ற பள்ளி ஆசிரியர் இயற்றிய 'ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட்' என்னும் பாட்டை அவர் பாடத் தொடங்கினார். அவருடைய கம்பெனியார் அதைப் பதிவு செய்ய மறுக்கவே, மில்ட் கேப்ளர் நடத்திய 'கமடோர்' என்ற சிறிய நிறுவனத்தில் அது பதிவாயிற்று. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் அவரை முதலில் கண்டெடுத்த ஹாம்மண்டே, கலை என்ற வகையில் பில்லிக்கு நேர்ந்த பெருங்கேடு அந்தப் பாட்டுதான், அதன் பிறகு அவர் தம் பாட்டைத் தாமே மிகவும் பாரமாக எடுத்துக்கொண்டுவிட்டார் என்ற கருத்தைப் பிற்காலத்தில் வெளியிட்டார்.

1944-இல் டெக்கா கம்பெனியில் கேப்ளரின் மேற்பார்வையில் 'லவர் மேன்' பாட்டைப் பதிவு செய்தபோது, பின்னணிக்கு வயலின்கள் வேண்டும் என்று பில்லியே வற்புறுத்திக் கேட்டுப் பெற்றார். உடனே மற்றொரு சாரார், அவர் ஜாஸைக் கைவிட்டு நாகரிக மெல்லிசைக்குப் போய்விட்டதாக வருந்தினார்கள். பிறகு 1950-களில் நார்மன் கிரான்ஸ் என்ற தயாரிப்பாளர் அவரை மறுபடியும் சிறு குழுவோடு, பென் வெப்ஸ்டர், ஹாரி எடிசன் முதலியவர்களோடு பாடவைத்தபோது, குழு சரியாயிற்று, குரல்தான் போய்விட்டது என்றார்கள். இருபது வருஷத்தில் ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு கூட்டம் வழியில் இறங்கிக்கொண்டதையும், இறங்கிய இடத்தையே அவருடைய சிகரம் என்று கொண்டாடியதையும் பார்க்கிறோம். நாம் எந்தக் குரலை முதலில் காதலித்தோமோ அந்தக் குரலே அந்தப் பாடகர் என்று நினைத்துவிடுவது ரசிகர்களின் இயல்பு. அதில் உள்ள அன்பை நான் குறை கூற மாட்டேன்.

ஆனால் 1958-இன் குறை முந்தியவற்றைப் போன்றது அன்று என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். நடுவே நேர்ந்தவை அற்ப விஷயங்கள் அல்ல. 1947-இல் போதை மருந்துக் குற்றத்திற்காக அவர் சிறைப்பட்டு, மேற்கு வர்ஜீனியாவில் ஆல்டர்சன் என்ற இடத்துச் சிறையில் ஏறத்தாழ ஓராண்டைக் கழித்தார். விடுதலையான சில நாட்களுக்குள், 1948 மார்ச் 27-இல், கார்னெகி மண்டபத்தில் நிரம்பி வழிந்த கூட்டத்தின் முன் அவர் பாடியதும், அந்தக் கூட்டம் அவரை வரவேற்ற ஆர்ப்பரிப்பும் பிரசித்தம். பெரிய மண்டபத்தில் பாட அவருக்குத் தடை இல்லை. மது விற்கும் விடுதியில் பாடுவதற்குத்தான் நியூயார்க் போலீசார் வழங்கும் அனுமதிச் சீட்டு வேண்டும்; தண்டனை பெற்றவர் என்ற காரணத்தால் அந்தச் சீட்டு அவருக்கு மறுக்கப்பட்டது. இறக்கும்வரை அது திரும்பக் கிடைக்கவில்லை. அந்தச் சீட்டு முறையே 1967-இல்தான் ஒழிந்தது.

இதன் பொருளைச் சற்று ஆழ்ந்து நோக்குங்கள். ஜாஸ் பாடகிக்குப் பள்ளிக்கூடமும் சாதக மேடையும் சிறிய விடுதிதான். வாரக்கணக்கில் ஒரே குழுவோடு ஒரே இடத்தில் இரவுதோறும் பாடும்போதுதான் குரலும் குழுவும் ஒன்றையொன்று அறிந்து இழையும். அந்த வசதியைத் தம் சொந்த ஊரிலேயே பறிகொடுத்துவிட்டு, ஊர் ஊராக அலைந்து, அங்கங்கே கிடைத்த பக்கவாத்தியங்களோடு பாடிப் பத்து வருஷம் காலந்தள்ளிய ஒருவரின் குரல் முன்போல இல்லையே என்று கேட்பவர்கள், மதுவையும் மருந்தையும் மட்டும் காரணமாகச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வது நியாயம் ஆகாது. அரசாங்கத்துக் காகிதம் ஒன்றுக்கும் அந்தத் தேய்வில் பங்கு உண்டு.

இப்படிப்பட்ட நிலைமையில்தான், 1957-இன் இறுதியில், அவர் ஒரு விருப்பத்தைக் கொலம்பியா கம்பெனியிடம் தெரிவித்தார். ரே எல்லிஸ் என்ற இளம் இசையமைப்பாளர், வயலின்கள் மிகுந்த மெல்லிசைத் தட்டு ஒன்றை அப்போது வெளியிட்டிருந்தார். பில்லி அதைக் கேட்டு, இவர் அமைக்கும் பின்னணியில் நான் பாட வேண்டும் என்றார். கம்பெனியின் தயாரிப்பாளராகிய இர்விங் டவுன்செண்டுக்கு இது எதிர்பாராத செய்தி. இசைத்தட்டின் அத்தனை பாட்டுகளும் அவர் அதற்கு முன் பதிவு செய்யாதவை; ஏறக்குறைய எல்லாம் இழந்த காதலைப் பற்றியவை. 1958 பிப்ரவரியில் நியூயார்க்கின் முப்பதாம் தெருவில், முன்னொரு காலத்தில் மாதாகோவிலாக இருந்து பிறகு ஒலிப்பதிவுக்கூடமான கட்டடத்தில், வயலின்களும் ஹார்ப்பும் பெண்களின் கோரஸும் கூடிய பெரிய குழுவின் முன் அவர் நின்று பாடினார். டிராம்போனில் ஜே. ஜே. ஜான்சன், ஏர்பி கிரீன், பியானோவில் மால் வால்ட்ரன், பாஸ் வாத்தியத்தில் மில்ட் ஹிண்டன் முதலான ஜாஸ் வித்வான்களும் அந்தக் குழுவில் இருந்தார்கள்.

எல்லிஸ் பிற்காலத்தில் சொன்னது மிக முக்கியமான சாட்சியம். பதிவுகள் முடிந்ததும் அவற்றையெல்லாம் உட்கார்ந்து கேட்டபோது, பில்லி பாடியது தமக்குத் திருப்தி அளிக்கவில்லை என்றும், தாம் இசைக் கணக்கை மட்டும் கேட்டுக்கொண்டிருந்ததே காரணம் என்றும், சில வாரங்கள் கழித்துப் பூர்த்தியான வடிவத்தைக் கேட்டபோதுதான் அவர் எவ்வளவு மேன்மையாகப் பாடியிருக்கிறார் என்று தெரிந்தது என்றும் அவர் கூறினார். பின்னணியை அமைத்தவரே முதலில் ஒரு கட்சியாகவும் பிறகு மற்றொரு கட்சியாகவும் இருந்தவர்! ஆயினும் அவர் சொன்ன காரணத்தை நான் முற்றிலும் ஏற்கவில்லை. இசையைக் கேட்டால் குறை, உணர்ச்சியைக் கேட்டால் நிறை என்று அவர் பிரித்த பிரிவு சரியன்று. இசையையே இன்னும் நெருங்கிக் கேட்டால் நிறை தெரியும் என்பது என் கருத்து.

எதிர்க்கட்சியின் வாதத்தை அதன் முழுப் பலத்தோடும் எடுத்துச் சொல்லிவிடுகிறேன். குரல் வறண்டு, ஓரங்கள் கிழிந்து, மேல் ஸ்வரங்களில் விரிசல் கண்டு, நீண்ட கார்வைகளைத் தாங்க மாட்டாமல் இருக்கிறது. எல்லிஸின் வயலின்கள் பல இடங்களில் சர்க்கரைப் பாகாக வழிகின்றன. கோரஸ் எந்தப் பாட்டிலும் தேவைப்படாத ஓர் அலங்காரம். இத்தனை இனிப்பான பின்னணியின் முன்னே இத்தனை நலிந்த குரலை நிறுத்தியது இரக்கமற்ற செயல். ரிச்சர்ட் குக், பிரையன் மார்ட்டன் என்ற பிரிட்டிஷ் விமரிசகர் இருவரும், ஜாஸ் இசைத்தட்டுகளுக்கான தங்கள் பெரிய வழிகாட்டி நூலில், அடிபட்டு வீழ்ந்த ஒரு பெண்ணின் அவலத்தைப் பிறர் எட்டிப் பார்க்கவைப்பது இது என்ற கருத்தில் எழுதியிருக்கிறார்கள். இது பொறாமையாலோ அறியாமையாலோ எழுந்த பேச்சு அன்று; ஒரு பெண்ணின் மானத்தைக் காக்க விரும்பும் பேச்சு.

ஆனால் அந்தப் பெண்மணிக்கு அங்கே என்ன வேலை இருந்தது என்பதை இந்த வாதம் மறந்துவிடுகிறது. யாரும் அவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் வயலின்களின் முன் நிறுத்தவில்லை. 1944-இலேயே விரும்பிய வயலின்களை அவர் 1958-இல் மறுபடியும் விரும்பினார். ஃபிராங்க் சினாட்ரா போன்ற வெள்ளையின நட்சத்திரங்களுக்குக் கேட்கும்போதெல்லாம் பெரிய இசைக்குழு கிடைத்துவந்த காலம் அது. அந்தச் சினாட்ராவோ, தம் பாட்டின்மேல் படிந்த செல்வாக்குகளில் மிகப் பெரியது பில்லி ஹாலிடேயினுடையது என்று அதே 1958-இல் பகிரங்கமாகக் கூறினார். சாட்டின் தட்டின் முதற்பாட்டாகிய 'ஐ ஆம் எ ஃபூல் டு வான்ட் யூ' சினாட்ரா கூட்டாக இயற்றி 1951-இல் பாடியது. மாணவர் அமர்ந்த பீடத்தில் குருவும் ஒரு முறை அமர விரும்பினால், அதை ரசனைக் குறைவு என்று சொல்ல நமக்கு என்ன உரிமை?

இனி, குரலைப் பற்றி. தேய்ந்தது சாரீரம், அதில் சந்தேகம் இல்லை. அவருடைய கலை எதில் இருந்தது என்று முன்னே சொன்னேனோ, அதாவது சொல்லைத் தாளத்தின்மேல் வைக்கும் இடம், மெட்டைச் சுருக்கி வளைக்கும் முறை, ஸ்வரத்தின் முடிவில் வரும் அசைவு, இவை என்னவாயின என்பதே கேள்வி. 1937-இல் அவருக்குப் பின்னால் வால்டர் பேஜின் பாஸும், ஜோ ஜோன்ஸின் டிரம்மும், ஃபிரெடி கிரீனின் கிதாரும் தளராத ஓட்டமாகக் காலப்பிரமாணத்தைச் சுமந்துகொண்டு போயின. அந்த உறுதியான ஓட்டத்தின்மேல் பின்தங்கிப் பாடுவது, அருமையான வித்தையே ஆனாலும், பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கும் இடத்தில் செய்யும் வித்தை. 1958-இல் பாஸும் டிரம்மும் அடங்கி ஒலிக்க, வயலின்கள் அடி தெரியாமல் மெழுகிக்கொண்டு போகின்றன. விளம்ப காலம் வேறு. தாமதம் என்பது ஓர் அடியைக் குறித்த தாமதமாக இருந்தால்தானே தாமதம்? அந்த அடியை இங்கே வாத்தியங்கள் காட்டுவதில்லை. பாடுபவர் தம் மனத்துக்குள்ளே தட்டிக்கொண்டு, அதைக் கேட்பவர் மனத்திலும் தட்டச் செய்து, பிறகு அதற்குப் பிந்த வேண்டும். 'ஐ கெட் அலாங் விதவுட் யூ வெரி வெல்' என்ற பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நீ இல்லாமல் நன்றாகவே வாழ்கிறேன் என்று சொல்லிக்கொண்டே, விதிவிலக்குகளை ஒன்றன்பின் ஒன்றாக ஒப்புக்கொண்டு போகும் பாட்டு அது. விதியைச் சொல்லும் அடிகளை நேரத்திலே வைத்து, விலக்கைச் சொல்லும் இடங்களில் மட்டும் பின்தங்கி, சொல்ல மனமில்லாதவள் சொல்வது போல அவர் வைக்கும் வைப்பு, 1937-இன் இளம்பெண்ணால் செய்திருக்க முடியாதது. நீண்ட கார்வை கைகூடாத இடத்தில் அவர் அதற்காகப் போராடுவதில்லை, ஸ்வரத்தை விட்டுவிடுகிறார். எங்கே விடுவது என்பதைக் கவனமாகத் தேர்ந்து விடுகிறார். 'யூ ஹாவ் சேஞ்ச்ட்' பாட்டில் ஒவ்வொரு அடியின் முடிவையும் தனியே கேட்டுப் பாருங்கள். ஒன்றுபோல மற்றொன்று முடிவதில்லை.

மறு கட்சியாரிடம் என் வருத்தம் இங்கேதான் தொடங்குகிறது. அவர்கள் இவற்றையெல்லாம் கேட்பதில்லை. சிறையைக் கேட்கிறார்கள், ஊசியைக் கேட்கிறார்கள், அவரை அடித்த ஆடவர்களைக் கேட்கிறார்கள். ஒலிப்பதிவின்போது பக்கத்தில் எந்த மதுப்புட்டி இருந்தது என்பதைப் பக்தியோடு சொல்லி, குரலின் ஒவ்வொரு விரிசலுக்கும் வாழ்க்கையில் ஒரு காயத்தைப் பொருத்தி, அந்தக் காயத்தின் ஆழமே பாட்டின் ஆழம் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அவர் பட்ட துன்பங்களை நான் குறைத்துப் பேச மாட்டேன். 1959 ஜூலை 17-இல், நாற்பத்துநாலு வயதில், நியூயார்க் ஆஸ்பத்திரி ஒன்றின் படுக்கையில், சாகக்கிடந்தவரைக் கைது செய்து காவல் வைத்த நிலையில் அவர் உயிர் பிரிந்ததை நினைக்கும்போது எனக்கு இன்றும் நெஞ்சு கொதிக்கிறது. ஆனால் துன்பப்பட்டவர்கள் உலகத்தில் கோடிக்கணக்கானவர்கள். அவர்களில் எத்தனை பேர் 'யூ ஹாவ் சேஞ்ச்ட்' பாட்டை அப்படிப் பாடிவிட முடியும்? துன்பம்தான் பாடிற்று என்று சொல்வது, பாடியவரின் இருபத்தைந்து வருஷத்து உழைப்பையும் புத்தியையும் அவரிடமிருந்து பிடுங்கிக்கொள்வதாகும். அவரிடமிருந்து பிடுங்கப்பட்டவை முன்பே போதும்.

இவ்விஷயத்தில் நான் பெரிதும் மதிக்கும் அபிப்பிராயம் மைல்ஸ் டேவிஸ் என்ற டிரம்பெட் மேதையுடையது. அதே 1958-இல் நாட் ஹென்டாஃப் என்ற எழுத்தாளரோடு பேசும்போது, பில்லியின் பழைய பதிவுகளைக் காட்டிலும் இப்போதைய பாட்டே தமக்குப் பிடிக்கும் என்ற கருத்தை அவர் வெளியிட்டார். அவருடைய காரணத்தில் பரிதாபத்தின் நிழல்கூட இல்லை. 1937-இல் நினைத்ததையே அவர் இன்றும் நினைத்துக்கொண்டிருக்கவில்லை, பலவற்றைக் கற்றிருப்பார், பாட்டின்மீது அவருக்குள்ள கட்டுப்பாடு அன்றைக்கு இருந்ததைவிட இன்று கூடுதலாகவே இருக்கக்கூடும் என்பது டேவிஸின் பேச்சு. கட்டுப்பாடு என்பது ஒரு தொழிலாளி இன்னொரு தொழிலாளியைப் பற்றிச் சொல்லும் சொல். காற்றையும் உதட்டையும் வைத்துக்கொண்டு ஒரே ஸ்வரத்தில் நூறு பேதம் காட்டப் பாடுபட்டவருக்கு, விரிசலுக்குக் கீழே நடந்த வேலை தெரிந்திருக்கிறது.

லெஸ்டர் யங்கின் கதையும் இதற்கு இணையானதே. யுத்த காலத்தில் ராணுவத்தில் சேர்க்கப்பட்டு, ராணுவ நீதிமன்றத்தில் தண்டனை பெற்றுக் காவலில் கிடந்து மீண்டவர் அவர். அதற்குப் பிறகு அவர் வாசிப்பு கெட்டுவிட்டதா என்பது ஜாஸ் ரசிகர்களின் மற்றொரு தீராத வழக்கு. 1957 டிசம்பர் 8-இல், 'தி சவுண்ட் ஆஃப் ஜாஸ்' என்ற தொலைக்காட்சி நிகழ்ச்சியில், பில்லி 'ஃபைன் அண்ட் மெல்லோ' பாட்டைப் பாட, கோல்மன் ஹாக்கின்ஸ், பென் வெப்ஸ்டர் முதலிய ஜாம்பவான்கள் சூழ்ந்திருக்க, உடல் நலிந்திருந்த யங் எழுந்து ஒரே ஒரு ஆவர்த்தம் வாசித்தார். ஸ்வரங்கள் மிகச் சில. இளமையில் அவர் பொழிந்த ஸ்வர வெள்ளத்தோடு ஒப்பிட்டால் எல்லாமே இழப்பு. ஆனால் பில்லி அதைக் கேட்கும் முகத்தைப் படம் காட்டுகிறது. தலையை மெல்ல அசைத்து, ஒவ்வொரு ஸ்வரத்தையும் அது விழும் இடத்தில் வாங்கிக்கொள்கிறார். எந்த ஸ்வரம் எங்கே வந்தது என்பதை அறிந்து கேட்பவரின் முகம் அது. அந்த முகத்தோடுதான் இரண்டரை மாதம் கழித்து அவர் எல்லிஸின் வயலின்களின் முன் போய் நின்றார்.

சாட்டின் தட்டில் எல்லாம் சமமான தரம் என்று நான் சொல்லவில்லை. 'தி எண்ட் ஆஃப் எ லவ் அஃபேர்' பாட்டில், குழுவின் இசை முன்னரே பதிவாகி, அதன்மேல் அவர் பிறகு பாடிச் சேர்த்திருக்கிறார். கூட நின்று பாடும்போது இருக்கும் கொடுக்கல் வாங்கல் அதில் இல்லை என்பது கேட்டால் புலப்படும். கோரஸ் வரும் இடங்களில் ஊசியைத் தூக்கி அப்பால் வைத்துவிடலாமா என்றுதான் எனக்கும் தோன்றுகிறது.

நான் சொல்லும் அளவுகோல் உண்மையான அளவுகோலாக இருந்தால் அது எல்லாவற்றையும் தேறிவிட்டது என்று சொல்லக் கூடாது; சிலவற்றை இல்லை என்றும் சொல்ல வேண்டும். 1959 மார்ச்சில், மறுபடியும் எல்லிஸோடு, எம்.ஜி.எம். கம்பெனிக்காக அவர் பதிவு செய்த கடைசித் தட்டை அதே அளவுகோலால் அளந்து பார்த்தால், அங்கே எனக்குத் தேய்வு தெரிகிறது. குரல் அதில் சில இடங்களில் சாட்டின் தட்டைவிடத் தெளிவாகக்கூட இருக்கிறது. ஆனால் சொல் விழும் இடம் தளர்ந்துவிட்டது. பிந்துவதைத் தேர்ந்து பிந்துகிறாரா, அல்லது எட்டிப் பிடிக்க இயலாமல் பிந்துகிறாரா என்ற ஐயம் பாட்டுக்குப் பாட்டு எழுகிறது. குழுவின் ஓட்டம் அவரை இழுத்துக்கொண்டு போகிறது. அந்த மாதம் 15-ஆம் தேதி லெஸ்டர் யங் காலமானார். பில்லி அதற்குப் பின் நாலு மாதம் இருந்தார். தட்டு அவர் மறைந்த பிறகே வெளிவந்தது. அதைக் குரலின் தெளிவுக்காகச் சாட்டின் தட்டுக்கு மேலே வைக்கும் ரசிகர்களும் உண்டு. அவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

நேரமாகிவிட்டது. தலைவர் அவர்களின் அனுமதியோடு இப்போது மூன்று பாட்டுகளை வைக்கச் சொல்லியிருக்கிறேன். 'தீஸ் ஃபூலிஷ் திங்ஸ்' என்ற ஒரே பாட்டை டெடி வில்சனோடு 1936-இல் அவர் பாடியது முதலில். அதே பாட்டை 1952-இல் ஆஸ்கர் பீட்டர்சனின் பியானோவோடு பாடியது அடுத்து. சாட்டின் தட்டிலிருந்து 'ஐ கெட் அலாங் விதவுட் யூ வெரி வெல்' மூன்றாவது. முதல் தட்டைக் கேட்கும்போது விரலால் அடியைத் தட்டிக்கொண்டே சொற்கள் அதற்கு எங்கே விழுகின்றன என்று பாருங்கள். மூன்றாவதற்கு வரும்போது வயலின்கள் உங்களுக்கு அடியைக் காட்டமாட்டா. அப்போதும் தட்டுவதை நிறுத்திவிடாதீர்கள்.